புலமைப்பரிசில் வகுப்பில் நான் விட்ட பிழைகள்

இந்த வருடம் எங்கள் பாடசாலைக்குத் தரம் 5 எடுக்க ஓர் இளம் ஆசிரியை வந்திருக்கிறார். முதல் வாரமே கையில் இரண்டு கட்டு போட்டோக்கொப்பி. இலங்கையில் தரம் 5 இல் எழுதும் புலமைப்பரிசில் பரீட்சையின் கடந்தகால வினாத்தாள் ஒரு கட்டு, யாரோ தயாரித்த மாதிரி வினாத்தாள் இன்னொரு கட்டு. தினமும் ஒன்று செய்விக்கப் போகிறாராம். பார்த்ததும் எனக்கு என் பழைய முகம்தான் தெரிந்தது. நானும் இதே வகுப்பில், இதே மாதிரித்தான் தொடங்கினேன்.

பரீட்சைச் சுட்டெண்ணைச் சரியாக எழுது, பென்சிலைச் சீவிக் கொண்டுபோ என்பதையெல்லாம் எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

வினாத்தாளை அடுக்கிக்கொண்டே போவது

இதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது, முதலில் என்மேல்தான்.

நுண்ணறிவு வினாக்களில் கண்ணாடி மணிக்கூடு ஒன்று அடிக்கடி வரும். கண்ணாடியில் தெரியும் நேரத்தைக் கொடுத்து உண்மையான நேரத்தைக் கேட்பார்கள். இதற்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது: 11.60 இலிருந்து கழி. கண்ணாடியில் 8.20 என்றால் விடை 3.40. நானும் அதையே சொல்லிக் கொடுத்தேன். ஒரு தவணை முழுக்க வந்த வினாத்தாள் எல்லாவற்றிலும் பிள்ளைகள் அதைச் சரியாகச் செய்தார்கள். புள்ளி ஏறியது. பெற்றோருக்கும் சந்தோஷம், எனக்கும் சந்தோஷம்.

ஒருநாள் நானே ஒரு வினாத்தாள் தயாரித்தேன். கண்ணாடியில் 8.20 தெரிகிறது, பஸ் 4 மணிக்குப் புறப்படும், இன்னும் எத்தனை நிமிடம் இருக்கிறது? விடைகளாக 20, 40, 220 என்று மூன்றைக் கொடுத்திருந்தேன். வகுப்பில் பாதிக்கு மேல் 40 என்று போட்டிருந்தார்கள். முன்வாங்கில் இருந்த, எப்போதும் நல்ல புள்ளி எடுக்கும் பிள்ளையும் அதையே போட்டிருந்தாள். ஏன் என்று கேட்டேன்.

“ரீச்சர், விடை 3.40 தானே. அதில 40 இருக்கு.”

வினாவின் முதல் வரியைப் பார்த்ததும் பழைய வினா அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது. பஸ் வந்ததையே அவள் கவனிக்கவில்லை. பிழை அவளுடையது அல்ல. அறுபது எழுபது வினாத்தாள் செய்வித்து, வினாவை வாசிக்காமலே விடை போட நான்தான் பழக்கியிருந்தேன்.

அடுத்த நாள் வீட்டிலிருந்து முகம் பார்க்கும் கண்ணாடியைக் கொண்டுபோனேன். சுவர் மணிக்கூட்டைக் கழற்றி மேசையில் நிறுத்தி, முள்ளைத் திருப்பித் திருப்பிக் காட்டினேன். ஒரு பாடவேளை போனது. அதற்குப் பிறகு 11.60 என்ற பேச்சே வகுப்பில் எழவில்லை.

இதற்குள் இன்னொரு பிழை ஒளிந்திருக்கிறது: மொத்தப் புள்ளியை மட்டும் கொப்பியில் எழுதி வைப்பது. இரண்டு பிள்ளைகள் ஒரே வினாத்தாள்களில் 200 க்கு 132 எடுத்தார்கள். ஒருவன் நேரம் போதாமல் கடைசி வினாக்களைத் தொடவேயில்லை. மற்றவள் எல்லாவற்றையும் செய்திருந்தாள், ஆனால் பந்தி வாசித்து விடை எழுதும் இடமெல்லாம் சறுக்கியிருந்தாள். இருவரையும் அதே மேலதிக வகுப்பில் இருத்தி அதே கணக்குகளைச் செய்வித்தேன். யாருக்கு என்ன பயன்?

இப்போது வாரத்துக்கு ஒரு வினாத்தாள்தான். திருத்திய பிறகு அடுத்த இரண்டு நாளும் பிழைத்த வினாக்களோடு மட்டுமே போகும். பிழைத்த ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பிள்ளையே காரணம் எழுத வேண்டும்: தெரியாது, விளங்கவில்லை, அவசரப்பட்டேன். “அவசரம்” என்று எழுதுவதில் பாதி உண்மையில் “விளங்கவில்லை” தான். கூப்பிட்டு, வினாவைச் சத்தமாக வாசிக்கச் சொன்னால் தெரிந்துவிடும். இது மெதுவான வேலை. மற்ற வகுப்புகள் ஐம்பதாவது வினாத்தாளில் நிற்கும்போது நாங்கள் பதினைந்தில் நிற்போம், பெற்றோர் வந்து கேட்பார்கள். கேட்கட்டும்.

பகுதி 1 ஐ முதலில் வைத்துப் பழக்குவது

பரீட்சையில் பகுதி 1 நுண்ணறிவு, பகுதி 2 பாட வினாக்கள். பகுதி 1 பெயரில் முதலாவது என்பதால் முதலில் வரும் என்று நினைத்துவிடுகிறோம். அண்மைய வருடங்களில் பகுதி 2 தான் காலை 9.30 க்குத் தொடங்கி 10.45 வரை நடக்கிறது. அரை மணி இடைவேளைக்குப் பிறகு, 11.15 இலிருந்து 12.15 வரை பகுதி 1. எழுதி எழுதிக் கை சோர்ந்த பிறகுதான் நுண்ணறிவு. மாலை ரியூசனில் பகுதி 1 ஐத் தனியாகச் செய்து 90 எடுக்கும் பிள்ளை அந்த நேரத்தில் எப்படி இருக்கும் என்பதை ஒரு சனிக்கிழமையாவது அதே ஒழுங்கில், அதே நேரத்தில் வைத்துப் பாருங்கள். இடைவேளையில் பிள்ளைகள் விடைகளை ஒப்பிட்டுப் பார்ப்பதையும் அன்றைக்கே நிறுத்தப் பழக்கலாம். 10.50 க்கு அழத் தொடங்கிய ஒரு பையனை நான் பார்த்திருக்கிறேன். கடைசியில் அவனுடைய விடைதான் சரி.

சிங்களத்தையும் ஆங்கிலத்தையும் கடைசி மாதத்துக்குத் தள்ளுவது

பகுதி 2 இல் இரண்டும் உண்டு. சொற்களை அறிந்த பிள்ளைக்கு அவை இலகுவான புள்ளிகள்.

வெட்டுப்புள்ளியை ஒப்பிடுவது

“போன வருடம் அக்கா 150, இவன் 141 தானே?” வருடத்துக்கு வருடம் வினாத்தாளின் கடினம் மாறும். வெட்டுப்புள்ளி, அதாவது புலமைப்பரிசிலுக்குத் தகுதிபெற எடுக்க வேண்டிய குறைந்த புள்ளி, மாவட்டத்துக்கும் மொழிமூலத்துக்கும் வேறுபடும். பிரபல பாடசாலைகளுக்குத் தரம் 6 அனுமதிக்கான வெட்டுப்புள்ளி இன்னொரு கணக்கு. 2024 இல் 3 லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் எழுதினார்கள், வெட்டுப்புள்ளியைத் தாண்டியவர்கள் ஏறத்தாழ 51,000 பேர். ஆறில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முப்பது பேர் வகுப்பில் முப்பது பேருக்கும் “நீ தாண்டுவாய்” என்று சொல்லிக்கொண்டிருந்தவள் நான்.

பதாகை

வெட்டுப்புள்ளியைத் தாண்டிய பிள்ளைகளின் படத்தைப் போட்டுப் பாடசாலை வாசலில் கட்டும் பதாகை வேண்டாம். தாண்டாத பிள்ளையும் அதே வாசலால்தான் வருகிறது.

கடைசி வாரம்

பரீட்சைக்குச் சில நாட்கள் இருக்கும்போதே வகுப்புகள், கருத்தரங்குகள், மாதிரி வினாத்தாள் விநியோகம் எல்லாவற்றையும் பரீட்சைத் திணைக்களம் தடை செய்துவிடும். அதற்கு முதல் நாள் நானும் ஒருமுறை “கட்டாயம் வரும்” என்று பன்னிரண்டு வினாக்களை எழுதிப் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பினேன். பாவம், இரவிரவாகப் பாடமாக்கியிருக்கிறார்கள்.

பரீட்சை முடிந்த திங்கட்கிழமை ஒரு பையன் அந்தத் தாளை நாலாய் மடித்துக் கொண்டுவந்து மேசையில் வைத்தான்.

“ரீச்சர், இதில ஒண்டும் வரேல்லையே?”