புயல் அத்தியாயத்தில் நின்றுபோன என் பேனா

1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோனபோது எனக்கு ஒன்பது வயது. அந்த நாட்களை எழுத உட்கார்ந்தவன், புயல் அத்தியாயம் வந்ததும் நின்றுவிட்டேன். நான்கு மாதம் நோட்டைத் தொடவே இல்லை.

வழி காட்டியவள் ராமேஸ்வரத்தில் இருக்கும் என் அக்கா. "புயலை அப்புறம் எழுதலாமடா, முதலில் நம் வீட்டை எழுது" என்றாள். தினமும் மாலை போனில் பேசினோம். அவள் சொன்னதைப் பதிவு செய்துகொண்டு, விடியற்காலையில் ஒரு பக்கம் மட்டும் எழுதினேன். அம்மா கருவாடு உலர்த்திய ஓலைப்பாய், இலங்கைக்குப் போகும் தலைமன்னார் கப்பலுக்கு ஆட்களை ஏற்றிவந்த போட் மெயில் ரயிலின் கூவல், மணல் ஒட்டிய என் சிலேட்டு எல்லாம் திரும்பி வந்தன.

ஞாயிறுதோறும் அவளுக்கு வாசித்துக் காட்டுவேன். ஒருமுறை கிணற்றை வீட்டுக்குக் கிழக்கே வைத்துவிட்டேன். "மேற்கேடா, முருங்கை அடியில்!" என்று கோபித்துக்கொண்டாள். கேட்க ஒருத்தி காத்திருக்கிறாள் என்பதுதான் என்னை நாற்காலியில் உட்காரவைத்தது.

புயல் இரவைக் கடைசியில், பகல் வெளிச்சத்தில், அக்கா பக்கத்தில் இருக்க எழுதினேன். பாம்பன் பாசஞ்சர் ரயிலைக் கடல் விழுங்கிய இடத்தில் பேனா நின்றது. அவள் தண்ணீர்ச் செம்பை என் பக்கம் நகர்த்தினாள். குடித்துவிட்டு எழுதி முடித்தேன்.