சட்டம் எது, மசோதா எது: கோட்டை ஆவணங்களில் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் உறவினர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "12 மணி நேர வேலைன்னு சட்டம் வந்துச்சே, அது இப்பவும் இருக்கா?" கையில் ஒரு பி.டி.எஃப். வைத்திருந்தார். அரசு முத்திரை, பிரிவு எண்கள் எல்லாம் சரியாகவே இருந்தன. ஆனால் அது சட்டமல்ல, சட்டமுன்வடிவு, அதாவது மசோதா. 2023 ஏப்ரல் 21 அன்று தொழிற்சாலைகள் சட்டத்துக்கான தமிழ்நாட்டுத் திருத்த மசோதா பேரவையில் நிறைவேறியது உண்மை. கூட்டணிக் கட்சிகளும் தொழிற்சங்கங்களும் எதிர்த்ததால் மூன்றே நாளில் நிறுத்தி வைக்கப்பட்டது. மே தினத்தன்று திரும்பப் பெறப்படுவதாக அறிவிப்பு வந்தது. ஆக, அது ஒரு நாள்கூடச் சட்டமாக இருந்ததில்லை.

சட்ட ஆவணங்களைத் தேடுவோர் முதலில் சறுக்குவது இங்கேதான். பேரவையில் நிறைவேறுவது பாதி வழி. ஆளுநரோ, தேவைப்பட்டால் குடியரசுத் தலைவரோ ஒப்புதல் தர வேண்டும். அப்புறம் அரசிதழில் சட்டமாக வெளிவர வேண்டும். நீட் விலக்கு மசோதா 2021 செப்டம்பரில் நிறைவேறியது. ஆளுநர் திருப்பி அனுப்ப, 2022 பிப்ரவரி 8 அன்று பேரவை மீண்டும் நிறைவேற்றியது. கடைசியில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை என்று 2025 ஏப்ரலில் பேரவையிலேயே முதல்வர் சொன்னார். இரண்டு முறை நிறைவேறியும் அது சட்டமாகவில்லை. எனவே ஒரு தாள் கைக்கு வந்ததும் உள்ளே படிப்பதற்கு முன் தலைப்பு வரியைப் பாருங்கள். தமிழ்நாடு அரசிதழின் நான்காம் பகுதியில் முதல் பிரிவு மசோதாக்களுக்கு, இரண்டாம் பிரிவு சட்டங்களுக்கும் அவசரச் சட்டங்களுக்கும். அந்த ஒரு வரியே பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடும்.

அடுத்தது ஆண்டுக் குழப்பம். இதில்தான் நன்கு படித்தவர்களும் மாட்டிக்கொள்கிறார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், 1998 என்று ஒன்று இருக்கிறது. பெயரில் 1998. ஆனால் அதன் எண், 1999ஆம் ஆண்டின் 9ஆவது சட்டம். 2000ஆம் ஆண்டில் அதைச் செயல்படவிடாமல் நிறுத்தி வைத்தார்கள். மறுபடி உயிர்பெற்று நடைமுறைக்கு வந்தது 2023 ஏப்ரல் 13 அன்று. இடைப்பட்ட இருபது ஆண்டுகளுக்கு மேல் சென்னை மாநகராட்சி இயங்கியது 1919ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி. 2010இல் நடந்த ஒரு சொத்துவரிப் பிரச்சினைக்கு 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவை எடுத்துக்காட்டினால், கேட்பவர் உங்கள் மனுவை அங்கேயே மடித்து வைத்துவிடுவார். பெயரில் உள்ள ஆண்டு, எண்ணில் உள்ள ஆண்டு, அமலுக்கு வந்த தேதி என மூன்றையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

வாடகை விஷயமும் இப்படித்தான். 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் அமலானது 2019 பிப்ரவரி 22 அன்று. அதுவரை இருந்தது 1960ஆம் ஆண்டுச் சட்டம். "அரசு அறிவிக்கை மூலம் குறிப்பிடும் நாளில் அமலுக்கு வரும்" என்று சட்டத்தின் முதல் பிரிவில் இருந்தால், அந்த அறிவிக்கையைத் தேடி எடுக்காமல் வேலை முடிந்ததாக எண்ண வேண்டாம்.

ஒரு தேதி ஒரு பெண்ணின் பங்கையே தீர்மானித்ததும் உண்டு. இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குத் தமிழ்நாடு 1989இல் செய்த திருத்தம் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் பிறப்புரிமை தந்தது. எண் 1990இன் முதல் சட்டம். நடைமுறை 1989 மார்ச் 25 முதல். அந்த நாளுக்கு முன் திருமணமான மகளுக்கு அந்த உரிமை இல்லை. மத்திய அரசின் திருத்தம் 2005 செப்டம்பர் 9 முதல் வந்த பிறகே அந்த வேறுபாடு போனது. அக்காவுக்கு 1988இல் கல்யாணம், தங்கைக்கு 1990இல் என்றால் இடைப்பட்ட ஆண்டுகளில் ஒரே வீட்டில் இரண்டு கணக்கு. எண்ணையும் தேதியையும் குழப்பிக்கொண்டவர் இங்கே யாருக்கோ அநியாயம் செய்துவிடுகிறார்.

மத்திய சட்டத்தின் மூலப் பிரதியை மட்டும் பார்த்துவிட்டு முடிவுக்கு வருவது இன்னொரு தவறு. இந்து திருமணச் சட்டத்தைப் பொதுவான பதிப்பில் படித்தால் 7ஆம் பிரிவுக்குப் பிறகு 8 வரும். நம் ஊரில் நடக்கும் சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்டத் தகுதி தரும் 7ஏ அதில் இருக்காது. அது அண்ணா ஆட்சியில் 1967இன் 21ஆவது சட்டம் மூலம் நம் மாநிலத்துக்கு மட்டும் சேர்க்கப்பட்டது. 2017இல் ஜல்லிக்கட்டுக்கு வழிவிட்டதும் மத்திய விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தில் செய்த மாநிலத் திருத்தமே. ஆகவே மத்திய சட்டம் எதைப் படித்தாலும் "தமிழ்நாடு திருத்தம் உண்டா?" என்ற கேள்வியைக் கேட்டுவிடுங்கள்.

பழைய ஆவணம் தேடுவோருக்கு ஒரு சொல். 1969 ஜனவரியில் மாநிலத்தின் பெயர் மாறியபோது பழைய சட்டங்களின் பெயரில் 'மெட்ராஸ்' போய்த் 'தமிழ்நாடு' வந்தது. ஆனால் அதற்கு முன் அச்சான தாள்களில் பழைய பெயர்தான் இருக்கும். அரசிதழுக்கே முன்பு செயின்ட் ஜார்ஜ் கோட்டை கெஜட் என்று பெயர். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இன்றைய பெயரைச் சொல்லித் தேடினால் வெறுங்கையோடு திரும்ப நேரிடும். பெயர் மாறலாம், சட்ட எண்ணும் ஆண்டும் மாறாது. அவற்றை வைத்தே தேடுங்கள்.

சரி, அரசாணைக்கு வருவோம். எல்லாவற்றையும் ஜி.ஓ. என்று சொல்வது நம் பழக்கம். அரசாணை என்பது அரசின் ஆணை. பேரவை இயற்றிய சட்டத்துக்கு எதிராக அது நிற்க முடியாது. "ஜி.ஓ. 92 இருக்கிறது" என்று சொல்வதும் பயன்படாது. ஒவ்வொரு துறைக்கும் தனி வரிசை, ஆண்டுதோறும் புதிதாகத் தொடங்கும். துறை, தேதி, எண்ணோடு '(நிலை)' என்று குறித்த ஆணையா வேறு வகையா என்பது எல்லாம் சேர்ந்தால்தான் அது முகவரி. பேரவையில் 110 விதியின் கீழ் அறிவித்ததையும், துறைகளுக்கு நிதி கேட்கும் மானியக் கோரிக்கையின்போது வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பில் எழுதியதையும் நடைமுறை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அவை அரசின் எண்ணத்தைக் காட்டும். நிதி ஒதுக்கி ஆணை வந்ததா என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

பேரவை விவாதங்களைப் படிப்பது எனக்கு மிகவும் பிடித்த வேலை. ஒரு சட்டம் ஏன் வந்தது, யார் என்ன அச்சத்தைச் சொன்னார்கள் என்பதெல்லாம் அங்கே உயிரோடு கிடைக்கும். ஆனால் அமைச்சர் பேசியது சட்டத்தின் வாசகம் ஆகாது. மசோதாவோடு வரும் நோக்க காரண விளக்கவுரையும் அப்படியே. பின்னணி புரியும், கட்டுப்படுத்தாது. இன்னொன்று, அவைக் குறிப்பிலிருந்து நீக்கப்பட்ட சொற்கள் நடவடிக்கைப் பதிவில் இருக்காது. 1986 நவம்பருக்கு முந்தைய சட்டம் என்றால் மேலவை விவாதத்தையும் தேட வேண்டும். அந்த அவை ஒழிக்கப்பட்டதால் அதன் பதிவுகளைப் பலர் மறந்தே போகிறார்கள். நல்ல வாதங்கள் பல அதில் கிடக்கின்றன.

தமிழ்ப் பிரதிக்கும் ஆங்கிலப் பிரதிக்கும் பொருள் வேறுபட்டால்? அரசமைப்புச் சட்டத்தின் 348ஆவது உறுப்பின்படி ஆங்கில வாசகத்துக்கே அதிகாரபூர்வத் தகுதி. தமிழில் படித்துப் புரிந்துகொள்ளுங்கள். மேற்கோள் காட்டும் முன் ஆங்கிலத்தையும் ஒப்பிட்டுவிடுங்கள்.

இவ்வளவு தேடியும் அமலான தேதி கிடைக்கவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணம், காரணம் சொல்ல வேண்டியதில்லை, 30 நாளில் பதில் தர வேண்டும். ஆனால் "இந்தப் பிரிவு எனக்குப் பொருந்துமா?" என்று கேட்காதீர்கள். அது விளக்கம் கேட்பது. தகவல் அல்ல என்று சொல்லித் தட்டிவிடுவார்கள். "இந்தச் சட்டத்தின் இந்தப் பிரிவை அமலுக்குக் கொண்டுவந்த அறிவிக்கையின் நகல், அது வெளியான அரசிதழின் எண், தேதி ஆகியவற்றுடன் வேண்டும்" என்று எழுதுங்கள்.