சம்மட்டி படாமல் ஏறிய பேரிங்

எக்ஸ்கவேட்டரின் ஃபைனல் டிரைவ் (சங்கிலித் தடத்தை ஓட்டும் கியர் பெட்டி) ஷாஃப்டில் புதிய டேப்பர் பேரிங்கின் (கூம்பு வடிவ உருளைகள் கொண்டது) உள்வளையத்தை ஏற்ற வேண்டியிருந்தது. ஷாஃப்டின் விட்டம் 100 மி.மீ. மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்தால், வளையத்தின் துளையைவிட 0.05 மி.மீ. கூடுதல். அந்த இறுக்கம் வேண்டும். தளர்ந்தால் வளையம் ஷாஃப்டின் மேலேயே சுழன்று அதைத் தேய்த்துவிடும்.

உதவிக்கு இருந்த தம்பி சம்மட்டியை எடுத்தார். "வேண்டாம் தம்பி, வளையத்தின் விளிம்பு தெறித்தால் அந்தச் சில்லு கியர் எண்ணெயில் கலந்து எல்லாப் பற்களையும் கெடுக்கும்" என்றேன். கேஸ் டார்ச்சும் கூடாது. ஓரிடம் மட்டும் சிவந்தாலும் எஃகின் கடினத்தன்மை போய்விடும்.

சூடு ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் எஃகு மீட்டருக்குச் சுமார் 0.012 மி.மீ. விரியும். 30 டிகிரியிலிருந்து 110 வரை சூடாக்கினால் 100 மி.மீ. துளை ஏறக்குறைய 0.1 மி.மீ. அகலும், அதுவே தாராளம். 120ஐத் தாண்ட விடுவதில்லை. சுத்தமான எண்ணெயில் வளையத்தைக் கம்பியில் தொங்கவிட்டேன். பாத்திரத்தின் அடியில் பட்டால் அந்தப் பக்கம் அதிகம் காய்ந்துவிடும். தோல் கையுறையோடு எடுத்து ஏற்றியதும் ஷாஃப்டின் தோள்வரை, அதாவது வளையம் முட்டி நிற்கும் படிவரை, வழுக்கிக்கொண்டு போனது.

பலர் கோட்டைவிடுவது இதற்குப் பிறகுதான். ஆறும்போது வளையம் அகலவாட்டிலும் சுருங்கி, தோளைவிட்டு விலகும். அது இறுகும்வரை குழாய் ஒன்றை வைத்து அழுத்திப் பிடித்திருந்தேன். முழுக்க ஆறிய பின் வளையத்துக்கும் தோளுக்கும் நடுவே 0.05 மி.மீ. ஃபீலர் கேஜை (இடைவெளி பார்க்கும் மெல்லிய தகடு) நுழைத்துப் பார்த்தேன். எந்தப் பக்கமும் நுழையவில்லை.