ஆம்புலன்ஸ் வருவதற்குள் நாம் செய்யும் தவறுகள்

தமிழ்நாட்டில் 108 சேவை 2008 செப்டம்பரில் தொடங்கியது. இன்று எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் அந்த எண் தெரியும். எண்ணைத் தெரிந்துகொண்ட அளவுக்கு, அதை அழைத்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்பதை நாம் தெரிந்துகொள்ளவில்லை. வண்டி வந்தால்தான் சிகிச்சை என்று நினைத்து, அதுவரை உள்ள நேரத்தைக் காத்திருக்கும் நேரமாகவே பார்க்கிறோம். சில வீடுகளில் அந்த நேரத்தில் சும்மா இருந்திருந்தாலே நோயாளிக்கு நல்லதாக இருந்திருக்கும். பதற்றத்தில் எதையாவது செய்து அவர் நிலைமையை மோசமாக்கிவிடுகிறோம்.

முதல் தவறு, யாரை முதலில் அழைப்பது என்பதில் நடக்கிறது. அப்பாவுக்கு நெஞ்சு வலி என்றால் அம்மாவின் கை முதலில் மகனுக்குத்தான் போன் போடுகிறது. மகன் பெங்களூரிலோ துபாயிலோ இருப்பார். அவர் பதறிப்போய்ப் பக்கத்து வீட்டுக்காரருக்கும் மாமாவுக்கும் போன் போட்டு, கடைசியில் யாரோ ஒருவர் 108-ஐ அழைக்கிறார். அந்த ஒருவர் நோயாளி பக்கத்தில் இல்லை. மூச்சு எப்படி இருக்கிறது, நினைவு இருக்கிறதா என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. நோயாளி பக்கத்தில் நிற்பவர்தான் அழைக்க வேண்டும், அதுவும் வேறு யாருக்கும் சொல்வதற்கு முன்னால்.

அழைப்பை எடுப்பவர் கேள்வி கேட்டதும் பலருக்குக் கோபம் வந்துவிடுகிறது. "ஆளு இங்க துடிச்சிக்கிட்டு இருக்காரு, நீங்க கேள்வி கேட்டுக்கிட்டு இருக்கீங்களே, மொதல்ல வண்டியை அனுப்புங்க!" என்று கத்திவிட்டு வைத்துவிடுகிறார்கள். மாநிலம் முழுவதிலுமிருந்து வரும் அழைப்புகள் சென்னையில் உள்ள கட்டுப்பாட்டு அறைக்குப் போகின்றன. "மாரியம்மன் கோயில் பக்கம்" என்றால் அங்கே இருப்பவருக்கு எந்த ஊர் மாரியம்மன் என்று எப்படித் தெரியும்? திருச்சியில் ஒரு புத்தூர், மதுரையில் ஒரு புதூர். புதுப்பட்டி எத்தனை மாவட்டங்களில் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் தெரியும். மாவட்டம், தாலுகா, ஊர், தெரு, பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஓர் அடையாளம் என்ற வரிசையில் சொல்லுங்கள். நெடுஞ்சாலை என்றால் எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போகும் பக்கம் என்பதையும், அருகில் உள்ள கிலோமீட்டர் கல்லில் எழுதியிருப்பதையும் சொல்லுங்கள். எதிர்ப்பக்கத்துக்கு வண்டி வந்துவிட்டால், நடுவில் தடுப்பு இருக்கும் சாலையில் சுற்றி வரப் பல நிமிடங்கள் போய்விடும். எத்தனை பேருக்கு அடி, பச்சிளம் குழந்தையா, பிரசவ வலியா என்று கேட்பதும் காரணத்தோடுதான். பச்சிளம் குழந்தைகளுக்கென்று இன்குபேட்டர் உள்ள வண்டி தனியாக இருக்கிறது. சென்னையின் நெரிசலான தெருக்களுக்கு பைக் ஆம்புலன்ஸ் உண்டு. எதை அனுப்புவது என்பது உங்கள் பதிலில்தான் இருக்கிறது.

அடுத்து, அழைத்த போனை எங்கேஜ்டாக வைத்திருப்பது. 108 வண்டியின் ஓட்டுநரை பைலட் என்பார்கள். கிளம்பிய பிறகு வழி கேட்க அவரோ உடன் வரும் அவசர மருத்துவ உதவியாளரோ அதே எண்ணுக்குத்தான் கூப்பிடுவார்கள். அந்த நேரத்தில் நாம் சொந்தபந்தங்களுக்குத் தகவல் சொல்லிக்கொண்டிருப்போம். அல்லது தெரியாத நம்பர் என்று எடுக்காமல் விடுவோம். அழைத்த போனைத் தொடாமல் வைத்துவிட்டு, மற்றவர்களிடம் பேச இன்னொரு போனை எடுங்கள். ஒருவர் தெருமுனைக்குப் போய் நிற்கட்டும். இரவென்றால் ஒரு பைக்கைத் தெருமுனையில் நிறுத்தி ஹெட்லைட்டைப் போட்டு வையுங்கள். வாசலை அடைத்து நிற்கும் வண்டிகளை எடுத்து, நாயைக் கட்டி வையுங்கள். ஸ்ட்ரெச்சர் உள்ளே வர எந்த மேசையை நகர்த்த வேண்டும் என்று அப்போதே பாருங்கள். நோயாளியை வேறு வண்டியில் ஏற்றிவிட்டால், மறுபடி 108-ஐ அழைத்து 'வேண்டாம்' என்று சொல்ல மறக்காதீர்கள். உங்கள் வாசலைத் தேடிக்கொண்டிருக்கும் அந்த வண்டிக்காக இன்னொரு ஊரில் யாரோ காத்திருக்கக்கூடும்.

நெஞ்சு வலியை 'வாயு' என்று சொல்வது

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நம் வீடுகளில் அதிக நேரத்தைத் தின்னும் தவறு இதுதான் என்பது என் எண்ணம். நடுராத்திரியில் நெஞ்சில் பாரம், இடது தோளிலோ தாடையிலோ முதுகிலோ வலி, சில்லென்று வியர்வை. உடனே வீட்டில் வரும் முடிவு: "ராத்திரி புரோட்டா சாப்பிட்டீங்கல்ல, அதான் கேஸ்." சோடா வாங்கி வருவார்கள், இஞ்சிச் சாறு இடிப்பார்கள், பெருங்காயத்தை மோரில் கலக்கிக் கொடுப்பார்கள், முதுகைத் தடவி விடுவார்கள். ஏப்பம் வந்ததும் எல்லோருக்கும் நிம்மதி. மாரடைப்பில் ரத்தக்குழாய் அடைபட்டு இதயத் தசை நிமிடத்துக்கு நிமிடம் செத்துக்கொண்டிருக்கும்போது, ஏப்பத்தால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் வயதான பெண்களுக்கும் வலியே தெரியாமல், மூச்சுத்திணறலும் அசதியும் வியர்வையும் மட்டும் வரலாம். வாயுவா மாரடைப்பா என்பதை ஈ.சி.ஜி. எடுத்துத்தான் சொல்ல முடியும். பரிசோதனையில் வாயு என்று தெரிந்தால் யாரும் திட்டப்போவதில்லை.

அதே இரவில் நடக்கும் இன்னொரு தவறு, நோயாளியைப் படியில் நடந்து இறங்க வைப்பது. "நடக்க முடியுது, பரவாயில்ல" என்று அவரே சொல்வார். விடாதீர்கள். சாய்ந்து உட்கார வைத்துச் சட்டைப் பொத்தானைத் தளர்த்துங்கள். மாடி வீடாக இருந்து ஸ்ட்ரெச்சர் திரும்ப இடமில்லை என்றால், கைப்பிடி உள்ள பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, முன்னால் ஒருவர் பின்னால் ஒருவர் என்று தூக்கி இறக்கலாம். பைக்கில் நடுவில் உட்கார வைத்து இரண்டு பேர் அணைத்துக்கொண்டு போவதை இன்றும் பார்க்கிறோம். வழியில் இதயம் நின்றுவிட்டால் அந்த பைக்கில் எதுவும் செய்ய முடியாது.

மயங்கி விழுந்து, கூப்பிட்டும் தட்டியும் அசையாமல், மூச்சும் இல்லாமல் இருந்தால் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டு நிற்காதீர்கள். 108-ஐ ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, தரையில் மல்லாக்கப் படுக்க வைத்து, நெஞ்சின் நடுவில் ஒரு கையின் மேல் மறு கையை வைத்து அழுத்தத் தொடங்குங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, பெரியவர்களுக்கு 5 சென்டிமீட்டராவது உள்ளே போகும்படி. மெத்தைமேல் வைத்து அழுத்தினால் மெத்தைதான் அமுங்கும். விலா எலும்பு உடைந்துவிடுமோ என்று பயந்து மெதுவாக அழுத்துவது எதற்கும் உதவாது. உடைந்த எலும்பு பிறகு கூடிவிடும். கை வலித்தால் ஆளை மாற்றிக்கொள்ளுங்கள், அழுத்துவதை மட்டும் நிறுத்தாதீர்கள்.

விபத்து நடந்த இடத்தில்

அடிபட்டவரை அன்போடுதான் தூக்குகிறோம். ஒருவர் கையையும் ஒருவர் காலையும் பிடித்து, தலை தொங்க, ஆட்டோவின் பின்சீட்டில் மடக்கி வைக்கிறோம். கழுத்தெலும்பிலோ முதுகெலும்பிலோ முறிவு இருந்தால், அந்தத் தூக்கலிலேயே தண்டுவடம் நசுங்கி வாழ்நாள் முழுக்க நடக்க முடியாமல் போகலாம். தீப்பிடிக்கும் ஆபத்தோ, வண்டி மோதும் ஆபத்தோ இல்லாதவரை அவரை அசைக்காதீர்கள். தலையை இரண்டு பக்கமும் கையால் அணைத்து ஆடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். ஹெல்மெட்டைப் பிடித்து இழுக்காதீர்கள். கண்ணாடியைத் தூக்கிவிட்டு மூச்சு விடுகிறாரா என்று பாருங்கள். ரத்தம் பீறிட்டால் சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்துங்கள். காப்பித்தூளும் மஞ்சள்தூளும் வேண்டாம். குடிக்கத் தண்ணீர் கொடுக்காதீர்கள். நினைவு மங்கியவருக்கு அது நுரையீரலுக்குள் போய்விடும். சுற்றி நிற்கும் கூட்டத்தில் இரண்டு பேர் நூறடி தள்ளிப் போய் வரும் வண்டிகளை எச்சரித்தால், அதே இடத்தில் இரண்டாவது விபத்து நடக்காது.

"நமக்கெதுக்கு போலீஸ் கேஸ்" என்று ஒதுங்கிப் போகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பயம் காலங்காலமாக ஊறியது. ஆனால் சட்டம் மாறிவிட்டது. உதவி செய்பவர்களைக் காப்பதற்கான நெறிமுறைகளுக்கு உச்ச நீதிமன்றம் 2016-ல் சட்ட வலு கொடுத்தது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134-ஏ பிரிவே சேர்க்கப்பட்டது. நல்லெண்ணத்தோடு உதவியவர் பெயரையும் முகவரியையும் சொல்லும்படி போலீஸோ மருத்துவமனையோ கட்டாயப்படுத்த முடியாது. அடிபட்டவரைச் சேர்த்துவிட்டு நீங்கள் கிளம்பலாம், பணம் கட்டச் சொல்லவும் கூடாது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிவைக்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவர் எந்த மாநிலத்தவராக இருந்தாலும், திட்டத்தில் சேர்ந்துள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரத்துக்கு வரையறுக்கப்பட்ட சிகிச்சைகள் இலவசம்.

பாம்புக்கடியில் நடப்பது வேறு மாதிரி. கடித்த இடத்துக்கு மேலே கயிற்றால் இறுகக் கட்டுவது, பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது எல்லாமே கெடுதல். கட்டிய இடத்துக்குக் கீழே ரத்த ஓட்டம் நின்று கையோ காலோ அழுகிப்போகலாம். பாம்பைத் தேடி அடித்துப் பையில் போட்டுக்கொண்டு போகவும் வேண்டாம். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கின் நஞ்சுக்கும் சேர்த்துத்தான் நம் நாட்டு விஷமுறிவு மருந்து தயாராகிறது. சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தரும் நஞ்சுக்கு அந்தத் தயாரிப்பில் பெரும் பங்கு உண்டு. எந்தப் பாம்பு என்று மருத்துவர் அறிகுறியை வைத்துப் பார்த்துக்கொள்வார். தரையில் படுத்துத் தூங்கியவரைக் கட்டுவிரியன் கடித்தால் வலியோ தடமோ தெரியாமலே இருக்கும். விடிகாலையில் வயிற்று வலி, இமை தொங்கல், நாக்குக் குழறல் என்று எழுந்தால் பூச்சிக்கடி என்று விட்டுவிடாதீர்கள்.

பூச்சிமருந்து குடித்தவருக்குச் சாணிக்கரைசலும் சோப்புத் தண்ணீரும் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து, மருந்து டப்பாவை மட்டும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிக்க வேண்டாம், பல்லிடுக்கில் கரண்டியும் வேண்டாம். தீக்காயத்தில் இட்லி மாவும் பேஸ்ட்டும் தடவாமல், 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். வாய் கோணி, ஒரு கை விழுந்து, பேச்சுக் குழறினால் அது பக்கவாதமாக இருக்கலாம், 'தூங்கி எழுந்தா சரியாயிடும்' என்று விடாதீர்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக முதல் நான்கரை மணி நேரத்துக்குள்தான் போட முடியும். ஆகவே கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்ற நேரத்தைக் குறித்து வையுங்கள்.

வண்டி வந்த பிறகும் ஒரு தகராறு நடக்கும். "எங்க டாக்டர் இருக்கிற அந்த ஆஸ்பத்திரிக்கே போங்க" என்று பைலட்டோடு வாசலில் நின்று வாதாடுவது. 108 வண்டி, அந்த நோய்க்கு வசதி உள்ள பக்கத்து மருத்துவமனைக்குத்தான் போகும். உள்ளே ஒரு உறவினர் போதும். மாத்திரைச் சீட்டு, பழைய ரிப்போர்ட், கர்ப்பிணி என்றால் தாய் சேய் அட்டை இவற்றோடு அவர் ஏறட்டும். மற்றவர்கள் பைக்கில் ஹாரன் அடித்துக்கொண்டு வண்டியின் பின்னால் ஒட்டி வருவது பெரிய ஆபத்து. ஆம்புலன்ஸ் திடீரென்று பிரேக் போட்டால் முதலில் மோதப்போவது அவர்கள்தான்.

சாலையில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சைரன் கேட்டதும் நட்டநடுவில் பிரேக் போடாதீர்கள். இண்டிகேட்டர் போட்டு இடது ஓரம் ஒதுங்குங்கள். வழிவிட மறுத்தால் மோட்டார் வாகனச் சட்டம் 194-இ பிரிவின்படி 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். ஆம்புலன்ஸ் கடந்ததும் அதன் பின்னாலேயே நுழைந்து சிக்னலைத் தாண்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள். சில நேரம் இரண்டாவது ஆம்புலன்ஸும் வரும்.