பாட்டை முடித்துவிட்டு நாதஸ்வரம் தேடாதீர்கள்

போன மாதம் என் ஒலிப்பதிவு அறைக்கு நான்கு பையன்கள் வந்தார்கள். சுயாதீன ராக் இசைக்குழு, முதல் ஆல்பம். எட்டுப் பாட்டுக்கும் டிரம்ஸ், பேஸ், கிட்டார், குரல் எல்லாம் பதிவாகிவிட்டன. "அண்ணா, எல்லாம் கிட்டார் சத்தமாகவே இருக்கிறது. கடைசி மூன்று பாட்டில் நாதஸ்வரம் சேர்த்தால் புதிதாக இருக்கும்" என்றார் பாடகர். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் ஏறக்குறைய இதே வார்த்தைகளை வேறொரு ஒலிப்பதிவாளரிடம் நான் சொல்லியிருக்கிறேன்.

புது ஒலி தேடுகிற குழுக்கள் செய்கிற தவறுகள் இவை. கம்பி மாற்றாமல் வருவது, பதிவுக்கு நகல் எடுக்காமல் போவது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. ஒருமுறை பட்டால் தானாகப் புத்தி வந்துவிடும்.

வாசிப்பவரின் சுருதியைக் கேட்காமல் பாட்டைப் பதிவுசெய்வது

எங்கள் பணம் போனது இதில்தான். அன்று என் குழு நாதஸ்வரம் சேர்க்க நினைத்த மூன்று பாட்டும் 'ஈ'யில், அதாவது நம்மூர்ச் சுருதிக் கணக்கில் 3 கட்டையில் இருந்தன. பெரிய இசைக் காரணம் ஒன்றும் கிடையாது. கிட்டாரின் தடித்த கம்பியை விரல் வைக்காமல் மீட்டினால் ஈ வரும். கைக்குச் சுகம், அவ்வளவுதான். எல்லாவற்றையும் பதிவுசெய்து முடித்த பிறகு கும்பகோணம் பக்கத்திலிருந்து ஒரு வித்வானை வரவழைத்தோம். இரவு ரயிலில் வந்து, குளித்து, காபி குடித்து, வாயில் வைத்து ஊதும் சீவாளியை நனைத்துப் பொருத்தி, ஆதார சுரமான ஷட்ஜத்தைப் பிடித்தார். அறை நிறைந்துவிட்டது. பிறகு பாட்டை ஓடவிட்டோம். சோற்றில் கல் கடிபட்ட மாதிரி இருந்தது.

டியூனரை எடுத்துப் பார்த்தோம். 2½ கட்டைக்கு மேல் முப்பது சென்ட். அரைக்கட்டை இடைவெளிக்கு 100 சென்ட் என்று கணக்கு. ஆக, எங்கள் ஈக்கு எழுபது சென்ட் கீழே இருந்தார். பியானோவின் எந்த விசையை அழுத்தினாலும் அந்தச் சுருதி வராது.

நாதஸ்வரத்தின் சுருதியை அதன் நீளம் தீர்மானிக்கிறது. குட்டையான திமிரியின் சுருதி உயர்ந்தது, நீண்ட பாரியினுடையது தாழ்ந்தது. நாதஸ்வர மேதை டி.என். ராஜரத்தினம் பிள்ளைக்குப் பிறகு பாரியே பரவலாகிவிட்டது. நாதஸ்வரம் செய்யும் ஊரான நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தைக் கடையும்போதே முடிந்துபோகிற விஷயம் இது. உதட்டாலும் மூச்சாலும் கொஞ்சம் நகர்த்தலாம். எழுபது சென்ட் நகர்த்தி மூன்று பாட்டு வாசிக்கச் சொல்வது கொடுமை. வித்வான் கோபப்படவில்லை. "தம்பி, போனில் பேசியபோது சைவமா, அசைவமா என்று கேட்டீர்கள். சுருதியைக் கேட்கவில்லையே" என்றார். இன்றைக்கும் காது சூடாகிறது.

கணினியில் சரிசெய்துவிடலாம் என்று எங்களில் ஒருவர் சொன்னார், அந்த ஒருவர் நான்தான். வித்வான் வாசித்த ஒரு துண்டைப் பதிந்து எழுபது சென்ட் ஏற்றிப் பார்த்தோம். மென்பொருள், சுரத்தை அசைத்து வளைக்கும் கமகத்தைப் பிழை என்று நினைத்து இஸ்திரி போட்டுவிட்டது. மாறாகப் பாட்டை இறக்கினோம். பாடகருக்குச் சளி பிடித்த மாதிரி ஆனது, சிம்பல் ஓசை குழைந்துபோனது. அப்போதும் நான் விடவில்லை. பீட்டில்ஸ் கதையைச் சொன்னேன். 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்' பாட்டில், வெவ்வேறு சுருதியிலும் வேகத்திலும் இருந்த இரண்டு பதிவுகளை தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினும் ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமெரிக்கும் டேப்பின் வேகத்தை மாற்றி ஒட்டினார்கள். உண்மைதான். ஆனால் அங்கே வேகமாக இருந்த பதிவே சுருதியிலும் உயர்ந்திருந்தது. மெதுவாக்கியதும் இரண்டும் ஒன்றையொன்று நெருங்கின. அந்த அதிர்ஷ்டத்தை நம்பி யாரும் வித்வானை ரயில் ஏற்றக் கூடாது.

வித்வான் பாட்டுக்கென்று எதையும் பதிவுசெய்யாமல் ஊர் திரும்பினார். சன்மானம் கொடுத்தோம், இரண்டாம் முறை வந்தபோது மறுபடியும் கொடுத்தோம். டிரம்ஸ் மட்டும் தப்பித்தது. கிட்டார்களையும் பேஸையும் எழுபது சென்ட் இறக்கி, கீபோர்டிலும் அதே அளவு மாற்றி, குரல் உட்பட எல்லாவற்றையும் மீண்டும் பதிந்தோம். செலவுக்கு என் இரண்டாவது கிட்டாரை விற்றேன்.

இதைத்தான் முதலிலேயே செய்திருக்க வேண்டும். கிட்டாரின் முறுக்காணியைத் திருகினால் எந்தச் சுருதிக்கும் வரும். வித்வானிடம் கட்டை எவ்வளவு என்று போனிலேயே கேளுங்கள். அது போதாது, அரைமணி நேரம் வாசித்த பிறகு ஷட்ஜத்தைப் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். கருவி சூடேற ஏற சுருதி சற்று உயரும், ஏசி அறையில் இறங்கும். அந்தப் பதிவுக்கு உங்கள் கம்பிகளைச் சேர்த்துவிட்டு, பிறகு டிரம்ஸ்காரரைக் கூப்பிடுங்கள்.

நாதஸ்வரத்தின் அகன்ற முனையான அணசுக்குள் மைக்கை நுழைப்பது

குறைந்தது ஒரு மீட்டர் தள்ளி வையுங்கள். துளைகளிலிருந்தும் ஓசை வருகிறது.

தாளமில்லாத ஆலாபனைக்கு, வேகத்தைத் தட்டிக்காட்டும் கிளிக் ஓடவிடுவது

வேண்டாம்.

'கிட் ஏ'யைத் தப்பாகப் படிப்பது

2000இல் வந்த 'கிட் ஏ' ஆல்பத்தில் ரேடியோஹெட் என்ற ஆங்கில ராக் குழு கிட்டாரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புது ஒலிக்குப் போனதாக ஒவ்வொரு பையனும் எனக்குப் பாடம் எடுக்கிறான். அந்த ஆல்பத்தில் கிட்டார் இருக்கிறது, கேட்டுப் பாருங்கள். அதில் ஓந்த் மார்ட்னோ என்ற பழைய பிரெஞ்சு மின்னணுக் கருவியை குழுவின் கிட்டாரிஸ்ட் ஜானி கிரீன்வுட் வாசித்தார். 1928இல் அறிமுகமான கருவி. பதின்ம வயதில் பிரெஞ்சு இசையமைப்பாளர் மெஸ்ஸியானின் இசையில் அதைக் கேட்டு மயங்கியவர் அவர். மிக்ஸிங்குக்கு முந்தைய வாரம் ஏதாவது புதிதாக வேண்டுமே என்று தேடிக் கண்டுபிடித்ததல்ல.

வாசித்தவர் பெயரை உறையில் விட்டுவிடுவது

இதற்கு நான் விளக்கம் சொல்வதில்லை.

அந்தப் பையன்களிடம் எந்தச் சுருதியில் பதிவுசெய்தார்கள் என்று கேட்டேன். "எஃப் ஷார்ப், அண்ணா." 4½ கட்டை. திமிரி வாசிக்கிற ஒருவரைத் தெரியும், எண்ணைக் கொடுத்தேன். பாடகர் அங்கேயே போனை எடுத்துவிட்டார். சாப்பாட்டைப் பிறகு கேட்கலாம் என்று சைகை காட்டினேன்.