குதிரைப் பள்ளியில் ஸ்டிராங்கிள்ஸ்: கைகொடுக்க வருபவர்களுக்கு ஒரு செய்முறை

லண்டனின் கிழக்கு ஓரத்தில் என் மகள் குதிரையேற்றம் பழகும் இடம் ஒரு சமூகப் பள்ளி. அறக்கட்டளையாகப் பதிவானது. சனிக்கிழமை காலையில் தமிழ்ப் பள்ளி, மதியம் குதிரை என்று இரண்டு வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறோம். 14 குதிரைகள், பாதிக்கு மேல் மட்டக்குதிரைகள். சம்பளத்துக்கு இருப்பவர்கள் மூன்றே பேர். சாணி அள்ளுவதிலிருந்து கணக்கு எழுதுவது வரை மற்றதெல்லாம் பெற்றோர் தலையில்தான்.

போன பிப்ரவரியில் அங்கே ஸ்டிராங்கிள்ஸ் என்ற குதிரைத் தொற்றுநோய் புகுந்தது. பதினோரு வாரம் பள்ளி மூடிக் கிடந்தது. அப்போது தமிழில் தேடினேன், ஒன்றும் கிடைக்கவில்லை. அதனால் இதை எழுதுகிறேன். குதிரைக்குச் சேணம் பூட்டுவது, குளம்பு சுத்தம் செய்வதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். மருந்து பற்றி எதுவும் சொல்லப்போவதில்லை, அது மருத்துவர் வேலை. மருத்துவர் வந்து போன பிறகு மீதமிருக்கும் 23 மணி நேரத்தில் நாம் என்ன செய்வது என்பதுதான் இது.

நோயைப் பற்றிக் கொஞ்சம். ஸ்டிரெப்டோகாக்கஸ் ஈக்வி என்ற பாக்டீரியா. முதலில் காய்ச்சல், பிறகு தாடைக்கடியிலும் தொண்டையிலும் நெறி கட்டும். நெறி பழுத்து உடைந்து சீழ் வரும், மூக்கில் மஞ்சளாக ஒழுகும். வீக்கம் மூச்சையே நெரிக்கும் என்பதால் அந்தப் பெயர். 1251இலேயே எழுதிவைக்கப்பட்ட பழைய நோய். பெரும்பாலான குதிரைகள் பிழைத்துவிடும். 2019 பிப்ரவரியில் குதிரை இன்ஃப்ளுயென்சா வந்தபோது பிரிட்டனில் பந்தயங்களையே ஆறு நாள் நிறுத்தினார்கள், அது காற்றில் பரவும். இது அப்படி வெகுதூரம் காற்றில் போகாது. குதிரைக்குக் குதிரை மூக்கு உரசினால் பரவும், இல்லாவிட்டால் நாம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்: கையில், சட்டைக் கையில், வாளியில். நம் கையால் பரவுகிற நோயை நம் கையாலேயே நிறுத்தவும் முடியும். அந்தத் தெம்பில்தான் பதினோரு வாரத்தையும் ஓட்டினோம்.

1. கேட்டைப் பூட்டுங்கள், அன்றைக்கே சொல்லுங்கள்

சந்தேகம் வந்த அந்த மணியே எந்தக் குதிரையும் உள்ளே வரக்கூடாது, வெளியே போகக்கூடாது. பரிசோதனை முடிவு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். இங்கிலாந்தில் ஸ்டிராங்கிள்ஸை அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும் என்று சட்டம் இல்லை. அதனால் மூடி மறைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். பெயர் கெட்டுவிடும் என்று எங்கள் குழுவிலும் இரண்டு பேர் தயங்கினார்கள். அதைக் கேட்காமல், பெற்றோருக்கும் பக்கத்து லாயங்களுக்கும் லாடம் அடிப்பவருக்கும் அன்று மாலையே ஒரே செய்தியை அனுப்பினோம்: என்ன சந்தேகம், எந்தத் தேதியிலிருந்து மூடுகிறோம், கடந்த மூன்று வாரத்தில் இங்கே வந்துபோன குதிரைகள் எவை, அடுத்த செய்தி எந்தக் கிழமை வரும். அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். அடுத்த செய்தி வரும் நாள் தெரிந்தால் யாரும் நச்சரிப்பதில்லை.

2. மூன்று நிறம்

சிவப்பு: காய்ச்சலோ கட்டியோ ஒழுக்கோ இருப்பவை. மஞ்சள்: அவற்றோடு மேய்ந்தவை, ஒரே தொட்டியில் குடித்தவை. பச்சை: எந்தத் தொடர்பும் இல்லாதவை. சிவப்புக்கும் மற்றவற்றுக்கும் இடையே 25 மீட்டராவது இருக்கட்டும் என்றார் எங்கள் மருத்துவர். ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஆள், தனி மண்வெட்டி, தனி பூட்ஸ். ஆள் போதாவிட்டால் பச்சையில் தொடங்கி, மஞ்சளுக்குப் போய், சிவப்பில் முடித்து, நேராக வீட்டுக்குப் போய்க் குளியுங்கள். திரும்பி வரக்கூடாது. சிவப்புப் பக்கம் பிள்ளைகளை விடவேண்டாம். நாயையும் பூனையையும் கட்டிப்போடுங்கள், அவை நிறம் பார்த்து நடப்பதில்லை.

3. தெர்மாமீட்டர்

இந்த ஒன்றை ஒழுங்காகச் செய்தால் பாதிச் சண்டை முடிந்தது. குதிரைக்குக் காய்ச்சல் தொடங்கி ஒன்று இரண்டு நாள் கழித்துத்தான் அது கிருமியை வெளியே விடத் தொடங்கும். நோய் தொற்றிக் காய்ச்சல் வர 3 முதல் 14 நாள் ஆகலாம். ஆகவே பார்க்க நன்றாக இருக்கும் மஞ்சள், பச்சைக் குதிரைகளுக்குத் தினம் இரண்டு வேளை காய்ச்சல் பார்த்தால், அது மற்றதற்குக் கொடுப்பதற்கு முன்பே உங்களுக்கு ஒரு நாள் கிடைக்கிறது. மூக்கு ஒழுகிய பிறகு பிரித்தால் அந்த நாள் போய்விட்டது.

எப்படி: டிஜிட்டல் தெர்மாமீட்டர், நுனி வளைவது, முடிந்ததும் சத்தம் கொடுப்பது. மருந்துக்கடையில் கிடைக்கும் மலிவானதே போதும். ஆனால் குதிரைக்கு ஒன்று. 14 குதிரைக்கு 14 வாங்கினோம், ஒவ்வொன்றிலும் பெயர் ஒட்டினோம். நெற்றிக்கு நேரே துப்பாக்கி மாதிரி பிடிக்கும் கருவி வேண்டவே வேண்டாம். ரோமத்தின் மேல் அது காட்டும் எண்ணை நம்பி ஒரு முடிவும் எடுக்க முடியாது. கண்ணாடித் தெர்மாமீட்டரும் வேண்டாம், உடைந்தால் உள்ளே போய்விடும்.

குதிரைக்குப் பின்னால் நிற்காதீர்கள், பக்கவாட்டில் தொடையோடு ஒட்டி நில்லுங்கள். வேறொருவர் தலையைப் பிடிக்கட்டும். நுனியில் வாஸ்லின் தடவி, வாலைத் தூக்கி, ஆசனவாய்க்குள் மெதுவாக விட்டு, ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடியுங்கள். நுனி உள்சுவரில் படவேண்டும். சாணி உருண்டைக்குள் குத்தினால் எண் தப்பாகும். தெர்மாமீட்டரில் ஒரு நூல் கட்டி, நூலின் மறுமுனையில் துணிக் கிளிப் மாட்டி, அதை வால் முடியில் கவ்வவிடுங்கள். முதல் நாளே எங்களுக்கு ஒன்று கைநழுவியது, கிளிப் இருந்ததால் தப்பித்தோம்.

எண்ணைப் படிப்பதில் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு சிக்கல். நமக்கு 100 தாண்டினால் காய்ச்சல். குதிரைக்கு 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ் இயல்பு, பாரன்ஹீட்டில் சொன்னால் 99.5 முதல் 101.3. புதிதாக வந்த ஒரு அப்பா 38.1 பார்த்துவிட்டு இரவு எட்டு மணிக்கு மருத்துவரை அழைத்துவிட்டார். எல்லாத் தெர்மாமீட்டரையும் செல்சியஸில் வைத்துப் பூட்டுங்கள். 38.5 தாண்டினால் உடனே பிரித்துவிட்டு அழையுங்கள். தன் வழக்கமான எண்ணைவிட ஒரு குதிரை திடீரென்று ஏறியிருந்தால், 38.5 ஆகாவிட்டாலும் ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். அதற்குத்தான் தினமும் எழுதுவது.

எழுதும் இடம்: கூகுள் ஷீட்டை மட்டும் நம்பினால் கையுறையோடு போனைத் தொடவேண்டி வரும், அந்தப் போன் எல்லா நிறத்துக்கும் போகும். ஒவ்வொரு நிறத்தின் வாசலிலும் பிளாஸ்டிக் உறையில் ஒரு தாள், நூலில் கட்டிய ஒரு பேனா. பேனா அந்த இடத்தை விட்டு நகராது. வெளியே நிற்பவர் தாளைப் படம் எடுத்து வாட்ஸாப்பில் போட, வீட்டிலிருக்கும் ஒருவர் ஷீட்டில் ஏற்றுவார். கைக்குழந்தையோடு இருந்த ஒரு அம்மா பதினோரு வாரமும் லாயத்துக்கு வராமல் இந்த ஒரு வேலையை மட்டும் செய்தார். இரண்டு முறை ஏறுமுகத்தை முதலில் கண்டுபிடித்தவர் அவர்தான்.

4. தண்ணீர்: நாங்கள் விட்ட பிழை

பத்தாவது நாள், மஞ்சளில் இருந்த மர்ஃபி என்ற குதிரைக்கு 39.2. தனி ஆள், தனி வாளி எல்லாம் இருந்தும் எப்படி வந்தது என்று தலையைப் பிய்த்துக்கொண்டோம். சனிக்கிழமை தண்ணீர் காட்டும்போது, என்னோடு நின்ற யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் சொன்னார்: "அண்ணா, உந்தக் குழாயை ஒருக்காப் பாருங்கோ. எல்லா வாளிக்குள்ளயும் போய் வருது."

பச்சை ரப்பர் குழாய், ஒன்றுதான். அதன் நுனியை வாளிக்குள் போட்டுவிட்டு, நிறையும் வரை பக்கத்து வேலையைப் பார்ப்பது எங்கள் எல்லோருக்கும் பழக்கம். நான்தான் பலநாள் அப்படிச் செய்தேன். நுனி அந்த வாளியின் தண்ணீரில் முழுகும், குதிரையின் எச்சிலும் சளியும் கலந்த தண்ணீர். பிறகு அதே நுனி அடுத்த வாளிக்குள். தூக்கிப் பார்த்தபோது பித்தளை வாய்க்குள் பாசி மாதிரி வழவழவென்று படிந்திருந்தது. இந்தக் கிருமிக்குத் தண்ணீர் பிடித்த இடம், வெயில் காயும் மரப்பலகையைவிட அதில் வெகுநாள் கிடக்கும். மர்ஃபிக்கு அப்படித்தான் வந்தது என்று நிரூபிக்க முடியாது. ஆனால் அன்றிலிருந்து மாற்றியவை இவை:

குழாய் நிறத்துக்கு ஒன்று. நுனி வாளி விளிம்புக்கு ஒரு சாண் மேலே, கையில் பிடித்தபடிதான். எல்லோரும் குடிக்கும் பொதுத்தொட்டிகளைக் காலி செய்து கவிழ்த்தாயிற்று. சிவப்பு வாளியின் மிச்சத் தண்ணீரை முற்றத்தில் கொட்டாமல் அங்கேயே வடிகாலில். வாளி வாளியாகச் சுமப்பதைவிடத் தொட்டிக்குள் குழாயை விடுவது சுலபம்தான், தெரியும். சுமந்தோம்.

5. கழுவுவது

முதலில் சோப்புத் தண்ணீரில் தேய்த்து அழுக்கைப் போக்குங்கள், பிறகுதான் கிருமிநாசினி. சாணி ஒட்டிய பூட்ஸை மருந்துத் தொட்டியில் முக்கினால் பயனில்லை. பிளீச்சைவிட எனக்கு விர்கான் எஸ் பிடிக்கும்: ஒரு லிட்டருக்கு 10 கிராம், பத்து நிமிடம் ஊறவேண்டும். தூள் மூக்கில் ஏறும், முகக்கவசம் போட்டுக் கலக்குங்கள். சிவப்புப் பக்கத்துச் சாணியை மேய்ச்சல் நிலத்தில் பரப்பாதீர்கள், தனிக் குவியல்.

6. பணம்

வகுப்பு நின்றால் வருமானம் நின்றது. குதிரை தின்பது நிற்காது, ஆறு எட்டு வாரத்துக்கு ஒருமுறை லாடக்காரரும் வந்தாக வேண்டும் (வரும்போது பச்சையில் தொடங்கச் சொல்லுங்கள்). நாங்கள் பணம் கேட்டபோது "பள்ளியைக் காப்பாற்றுங்கள்" என்று கேட்கவில்லை. ஒரு குதிரைக்கு ஒரு வாரத்துக்கு உலர்புல் எவ்வளவு, ஒரு பரிசோதனை எவ்வளவு என்று விலை போட்டுக் கேட்டோம். கோவிலில் அன்னதானத்துக்கு எழுதுவது போல, "டாஃபிக்கு இரண்டு வாரம்" என்று எழுதினார்கள்.

கிஃப்ட் எய்டு என்ற அரசுத் திட்டத்தில் கவனம். வரி கட்டுபவர் அறக்கட்டளைக்குத் தரும் ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசிடமிருந்து 25 பென்ஸ் கூடக் கிடைக்கும். ஏற்கெனவே வகுப்புக்குக் கட்டிய பணத்தை "அது நன்கொடையாக இருக்கட்டும்" என்று பெற்றோர் வாயால் சொன்னால் போதாது. வகுப்புக் கட்டணம் நன்கொடை ஆகாது. பணத்தைத் திருப்பித் தருகிறோம் என்று பள்ளி முதலில் சொல்லவேண்டும். வேண்டாம், நன்கொடையாக வைத்துக்கொள்ளுங்கள் என்று அவர்கள் எழுத்தில் தரவேண்டும், கிஃப்ட் எய்டு படிவமும் வேண்டும். எங்கள் பொருளாளர் முதல் மாதம் இதைத் தவறவிட்டு, எல்லோருக்கும் மறுபடி கடிதம் எழுதினார்.

பிள்ளைகளைக் கைவிடாதீர்கள். பக்கத்து மண்டபத்தில் குதிரை இல்லாமலே வாரம் ஒரு வகுப்பு நடந்தது: முடிச்சுப் போடுவது, கடிவாளத்தைப் பிரித்துப் பூட்டுவது, தீவனக் கணக்கு. பாதிக் கட்டணம். மகள் அங்கேதான் வாரை மாட்டும் வரிசையைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யப் பழகினாள். ஆனால் இந்த நாட்களில் வேறு லாயத்துக்குச் சவாரிக்கு அனுப்பாதீர்கள், அதே பூட்ஸ் அங்கே போகும்.

7. திறப்பது எப்போது?

கட்டி உடைந்து ஆறி, குதிரை துள்ளினால் முடிந்தது என்று தோன்றும். முடியவில்லை. குதிரையின் தொண்டைக்கு மேலே இருபுறமும் காற்றுப்பை ஒன்று உண்டு. சீழ் அதற்குள் தங்கிவிட்டால், ஏறக்குறைய பத்தில் ஒரு குதிரை வெளியே ஒன்றும் தெரியாமல் மாதக்கணக்கில், சில வருடக்கணக்கில், கிருமியைச் சுமக்கும். அதனால் வாரம் ஒன்றாக மூன்று முறை தொண்டைச் சளி எடுத்துச் சோதிக்க வேண்டும், அல்லது காற்றுப்பைக்குள் கேமரா விட்டுக் கழுவி எடுத்த நீரைச் சோதிக்க வேண்டும். கேமராவுக்கு ஒரே தடவையில் செலவு கூடுதல். இருந்தும் நான் கேமரா கட்சி.

காரணம் பிஸ்கட். பதினோரு வயது மட்டக்குதிரை, சின்னப் பிள்ளைகள் முதலில் ஏறுவது அதன் மேல்தான். மஞ்சளில் இருந்தது, ஒரே ஒரு நாள் 38.6 காட்டியது, அவ்வளவுதான். ஒரு நெறி கட்டவில்லை. மயக்க ஊசியில் தலை தொங்கி நிற்க, மூக்கு வழியே குழாய் போனது. வலது பை இளஞ்சிவப்பாகச் சுத்தமாக இருந்தது. இடது பையின் அடியில் வெண்மஞ்சளாக நாலைந்து கூழாங்கல் மாதிரி கிடந்தன, இறுகிப்போன சீழ். கேமரா இல்லாமல் திறந்திருந்தால் முதல் சனிக்கிழமையே அதன் மேல்தான் பிள்ளைகளை ஏற்றியிருப்போம். மருத்துவர் அவற்றை எடுத்து, பையைக் கழுவி, பென்சிலின் வைத்து, மூன்று வாரம் கழித்து மறுபடி பார்த்தார். சுத்தம். அதற்காகத்தான் மற்ற 13ம் காத்திருந்தன.

சேர்க்கை 1: தடுப்பூசி பற்றிப் பலர் கேட்டீர்கள். ஸ்ட்ராங்வாக் 2022இலிருந்து பிரிட்டனில் கிடைக்கிறது, தசையில் போடுவது, முதலில் நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசி. அது தெர்மாமீட்டருக்கு மாற்று இல்லை. நோய் நடுவில் இருக்கும்போது போடலாமா என்பதை மருத்துவரிடம் கேளுங்கள். நாங்கள் முடிந்த பிறகுதான் போட்டோம்.

சேர்க்கை 2: ஊட்டியிலிருந்து ஒருவர், தன் குதிரைக்கு மூக்கு ஒழுகுகிறது, இந்த வழியைப் பின்பற்றலாமா என்று கேட்டிருந்தார். ஐயா, இந்தியாவில் மூக்கு ஒழுகினால் முதலில் கிளாண்டர்ஸ் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அது மனிதருக்கும் தொற்றும், உயிரையும் எடுக்கும், அங்கே சட்டப்படி அரசுக்குத் தெரிவித்தாக வேண்டிய நோய். குதிரையைத் தனியே கட்டிவிட்டு, கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் கிட்டே போகாமல், அரசு கால்நடை மருத்துவரை அழையுங்கள். ரத்த மாதிரி ஹிசாரிலுள்ள தேசிய குதிரையின ஆராய்ச்சி மையம் வரை போகவேண்டி வரலாம். முடிவு வரும் வரை மேலே சொன்ன மூன்று நிறத்தை வைத்துக்கொள்ளலாம்.

சேர்க்கை 3: போன வாரம் பள்ளிக்குப் பதினைந்தாவது குதிரை வந்திருக்கிறது. மூன்று வாரம் தனிக் கொட்டில், ரத்தப் பரிசோதனை, தினம் இரண்டு வேளை காய்ச்சல். வால் கிளிப்பையும் தெர்மாமீட்டரையும் மகள்தான் கடையில் தேர்ந்தெடுத்தாள். பெயர் இன்னும் வைக்கவில்லை என்பதால் அதில் "15" என்று ஒட்டியிருக்கிறது.