கண்ணைக் கடைசியில் திறக்கலாம்: ஆட்டிசம் உள்ளவர்கள் முகம் வரையும் வழிகள்

முகம் வரையக் கற்றுத்தரும் பெரும்பாலானோர் கண்ணிலிருந்து தொடங்கச் சொல்கிறார்கள். ஆட்டிசம் உள்ள பலருக்கு அந்த முதற்படியே தடையாகிவிடுகிறது. எதிரில் இருப்பவரின் கண்ணை நேராகப் பார்ப்பது சிலருக்கு உடல் வேதனைக்கு நிகரானது. வேறு சிலருக்குப் பார்ப்பதில் சிரமம் இல்லை. ஆனால் கண், மூக்கு, வாய் என்று தனித்தனியே துல்லியமாகத் தெரிபவை ஒரு முகமாகச் சேர நேரம் பிடிக்கிறது. முகங்களைத் தவிர வேறெதையும் வரைய விரும்பாதவர்களும் இவர்களுக்குள் உண்டு என்பதால், எல்லோருக்கும் பொருந்தும் ஒரே முறை என்று எதையும் சொல்வதற்கில்லை. நீலகிரி மலையிலுள்ள கோத்தகிரியில் ஓவியம் கற்பிக்கும் நான், ஆட்டிசம் உள்ள மாணவர்களோடு இருந்து கற்றுக்கொண்டவற்றை, வரைபவராகிய உங்களுக்கே நேராக எழுதுகிறேன்.

கண்ணை முதலில் வரைந்தாக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. நம் சிற்ப மரபில் சிலையின் மற்ற வேலைகளெல்லாம் முடிந்த பிறகே ஸ்தபதி கண் திறக்கிறார். தாளிலும் அப்படியே செய்யலாம். உங்கள் பார்வை இயல்பாக எங்கே போய் நிற்கிறதோ அந்த இடம்தான் உங்களுக்கான தொடக்கம். ஆட்டிசம் ஆய்வாளர் அமி கிளினும் அவருடைய குழுவினரும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், திரைப்படக் காட்சியைப் பார்த்த ஆட்டிசம் உள்ளவர்களின் பார்வை, மற்றவர்களோடு ஒப்பிடும்போது, கண்களில் குறைவாகவும் வாய், உடல், சுற்றியுள்ள பொருள்கள் ஆகியவற்றில் அதிகமாகவும் தங்கியது தெரியவந்தது. பின்னர் வந்த ஆய்வுகளெல்லாம் ஒரே முடிவைத் தரவில்லை என்றாலும், வாயிலிருந்தோ காதிலிருந்தோ தொடங்குவது குறையாகாது என்பதை என் வகுப்பில் நாள்தோறும் பார்க்கிறேன்.

மலையில் வாழும் நமக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. குளிர்காலக் காலையில் கோத்தகிரி பேருந்து நிலையத்தில் நிற்பவர்களில் பாதிப் பேரின் முகம் மங்கி குல்லாவுக்குள்தான் இருக்கும். அந்தக் குல்லாவை முதலில் வரையுங்கள். நெற்றியின் குறுக்கே ஓடும் பின்னல் விளிம்பு, கன்னத்தை ஒட்டி இறங்கும்போது அந்த விளிம்பு எங்கே சற்று வெளியே தள்ளுகிறது, தாடைக்குக் கீழே கம்பளி எப்படிச் சுருங்கி மடிகிறது என்று வரிவரியாகப் பின்தொடருங்கள். கன்னம் உப்பிய இடத்தில் பின்னலின் கோடுகள் அகன்றும், தாடை ஒடுங்கும் இடத்தில் நெருங்கியும் இருக்கும். அதைச் சரியாகப் பதிந்துவிட்டால், ஒரு கண் வரைவதற்கு முன்பே அந்த முகத்தின் வடிவம் பாதி கிடைத்துவிடும். மூக்குக்கண்ணாடி, மீசை, மஃப்ளர், படகர் மூதாட்டிகள் தலையில் கட்டும் வெள்ளைத் துணி ஆகியவையும் இப்படி உதவுபவைதாம்.

உறுப்புகளை வைக்க வேண்டிய இடத்துக்கு அளவு தேவை. விதி தெளிவாக இருந்தால் வேலை எளிதாகும் என்று நினைப்பவர்களுக்குச் சிற்ப நூல்களின் தாலமானம் என்னும் உருவ அளவுமுறை பெரிய துணை. முகத்தின் நீளம் ஒரு தாலம், அதாவது பன்னிரண்டு அங்குலம். இங்கே அங்குலம் என்பது அந்த உருவத்துக்கே உரிய அலகு, ஸ்கேலில் உள்ள அங்குலம் அன்று. இந்தப் பன்னிரண்டும் நான்கு நான்காக மூன்று பங்குகளாகும்: முடி தொடங்கும் இடத்திலிருந்து புருவம் வரை ஒன்று, புருவத்திலிருந்து மூக்கின் அடி வரை ஒன்று, அங்கிருந்து மோவாய் வரை ஒன்று. நேராகப் பார்க்கும் முகத்தில் காது ஏறத்தாழ நடுப்பங்கின் உயரத்துக்கு இருக்கும். இரண்டு கண்களுக்கு நடுவே ஒரு கண்ணின் அகலம் இடைவெளி. உச்சந்தலையிலிருந்து மோவாய் வரை அளந்தால் கண்கள் சரிபாதியில் வரும். புதிதாக வரைபவர்கள் பெரும்பாலும் அவற்றை மேலே ஏற்றிவிடுவதால், இதை மட்டும் ஸ்கேல் வைத்துச் சரிபார்த்துவிடுவது நல்லது.

இவை சராசரி அளவுகள் மட்டுமே. ஒரு மனிதரின் சாயல், அவருடைய முகம் இந்த அளவுகளிலிருந்து விலகும் இடங்களில்தான் இருக்கிறது. ஒரு கண் மற்றதைவிட ஒரு மில்லிமீட்டர் தாழ்ந்திருக்கலாம், மூக்கு லேசாக இடப்பக்கம் சாய்ந்திருக்கலாம், மேலுதடு இருப்பதே தெரியாத அளவு மெல்லியதாக இருக்கலாம். மற்றவர்கள் முகத்தை ஒட்டுமொத்தமாகப் பார்த்துக் கடந்துபோகும்போது தவறவிடும் இந்த நுணுக்கங்களை, ஆட்டிசம் உள்ளவர்களில் பலர் கேட்காமலேயே கவனித்துவிடுகிறார்கள். ஆகவே சராசரி முகத்தை மெல்லிய கோட்டில் போட்டுக்கொண்டு, விலகல்களை ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டே போங்கள். சாயல் வந்து சேரும்.

அளவை நம்புவது கலையாகாது என்று யாராவது சொன்னால் பொருட்படுத்த வேண்டாம். நம் ஊர்களில் பேனர் வரைந்த ஓவியர்கள் சிறிய புகைப்படத்தில் கட்டம் போட்டுத்தான் பெரிய முகங்களை எழுப்பினார்கள். அமெரிக்க ஓவியர் சக் க்ளோஸுக்கு (1940–2021) முகங்களை அடையாளம் காண முடியாத குறைபாடு இருந்தது. அவர் புகைப்படத்தைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் தனியாகத் தீட்டியே ஆளுயரத்தையும் மிஞ்சும் முகங்களை உருவாக்கினார். அவர் ஆட்டிசம் உள்ளவராக அறியப்பட்டவர் அல்லர். ஆனால் அவருக்கிருந்த அந்தக் குறைபாடு ஆட்டிசம் உள்ளவர்களிடையே கூடுதலாகக் காணப்படுவதால், அவருடைய முறை நமக்கும் உதவும். புகைப்படத்தின் மேல் ஒரு சென்டிமீட்டர் கட்டமும், தாளில் மூன்று சென்டிமீட்டர் கட்டமும் போட்டுக்கொள்ளுங்கள். பிறகு இரண்டையும் தலைகீழாகத் திருப்பி வைத்து வரையுங்கள். அப்போது உங்கள் முன் இருப்பது யாருடைய பார்வையும் அன்று. வெறும் கோடுகளும் கருமைகளும் மட்டுமே.

நேரில் ஒருவரை அமர வைத்து வரைய விரும்பினால், அவர் உங்களைப் பார்க்காதபடி உட்கார வையுங்கள். செய்தித்தாள் படிப்பவர், ஸ்வெட்டர் பின்னுபவர், ஜன்னலுக்கு வெளியே பார்ப்பவர் எல்லோரும் நல்ல மாதிரிகள். பக்கவாட்டு முகத்தில் ஒரு கண்தான் தெரியும், அதுவும் உங்களை நோக்கி இராது. ஒளியையும் தேர்ந்துகொள்ளலாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மூட்டம் கவிந்திருக்கும் நாள்களில் முகத்தில் நிழலே விழாது. கோட்டோவியத்துக்கு அது பொருத்தமானது. வெயில் தெளிந்த காலையில் ஒருவரை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் அமர வைத்தால் மூக்கின் ஒரு பக்கமும் கண்குழியும் இருண்டுவிடும். அந்தக் கண்குழியை ஒரே கருந்திட்டாகத் தீட்டி, மேல் இமையின் விளிம்பை மட்டும் சற்று அழுத்திக் காட்டினாலே பார்ப்பவர் அங்கே கண்ணைக் கண்டுகொள்வார். கண்ணை வரையத் தயங்குபவர்களுக்கு நான் முதலில் சொல்லித் தருவது இதைத்தான்.

உணர்ச்சியைக் காட்டுவது பலரையும் வாட்டும் பகுதி. ‘கவலையாக வரை’ என்றால் என்ன செய்வது என்று புலப்படாதவர்கள் ஒரு பயிற்சி செய்யலாம். ஒரே முகத்தைச் சிறிதாகப் பல முறை நகலெடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் ஒன்றே ஒன்றை மாற்றுங்கள்: ஒன்றில் புருவங்களின் உள்முனைகளை மட்டும் இரண்டு மில்லிமீட்டர் இறக்குங்கள், அடுத்ததில் அவற்றையே உயர்த்துங்கள், இன்னொன்றில் வாயின் ஓரங்களை ஏற்றிக் கீழிமைக்கு அடியில் ஒரு மடிப்பைச் சேருங்கள். நம்பிக்கையான ஒருவரிடம் காட்டி, ஒவ்வொன்றும் அவருக்கு எப்படித் தோன்றுகிறது என்று கேட்டு அடியில் எழுதி வையுங்கள். அது உங்களுக்கே உரிய அகராதியாகிவிடும். கார்ட்டூன் முகங்களையே வரைந்துகொண்டிருப்பவர்கள் இந்தப் பயிற்சியைத் தம்மையறியாமல் ஏற்கெனவே செய்துவருகிறார்கள், அவர்களைத் தடுக்கக் கூடாது. அமைதியாக, எதையும் காட்டாமல் இருக்கும் முகமும் முழுமையான ஓவியம்தான். சிரித்த முகமாக வரையச் சொல்லி ஒரு குழந்தையைப் பெரியவர்கள் விரட்டுவதைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை.

முகத்தை விவரிக்காமலே விட்டுவிடவும் உங்களுக்கு உரிமை உண்டு. இந்த மலையின் பழங்குடியினரான குறும்பர்களின் ஓவியங்களில் மனித உருவங்கள் பெரும்பாலும் கண், மூக்கு இல்லாமலே நிற்கின்றன. ஆனாலும் தேன் எடுப்பவர் தேன் எடுப்பவராகவே தெரிகிறார். ஒருவரை முகத்தால் அல்லாமல் நடையாலோ போர்வையாலோ மூக்குத்தியாலோ நீங்கள் அடையாளம் காண்பவரானால், அவற்றையே அவருடைய உருவப்படமாக வரையலாம்.

கருவிகளில் உங்கள் கைக்கும் காதுக்கும் ஒத்துப்போவதே சிறந்தது. கரித்துண்டின் கீச்சொலியும் விரலில் ஒட்டும் தூளும் தாங்க முடியாதவையாக இருந்தால் 2பி, 4பி பென்சில்களே போதும். ஈரக்காற்றில் நம் ஊர்த் தாள் நமுத்துப்போய்ப் பென்சிலை இழுக்கும், அந்த இழுப்பு எரிச்சலூட்டும். தாள்களை பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள்.

வரைந்ததைப் பார்த்து ‘உயிரில்லை’ என்று யாரேனும் சொன்னால், எந்த இடம் என்று விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். அவர் காட்டும் இடத்தை மாதிரியோடு அளந்து பார்த்து, வேறுபாடு இருந்தால் திருத்துங்கள், இல்லையென்றால் அப்படியே விடுங்கள். அளவுகளையும், ஒளி எந்தப் பக்கமிருந்து வந்தது என்பதையும், எங்கிருந்து தொடங்கினீர்கள் என்பதையும் தாளின் பின்புறம் குறித்து வைத்தால், அதே முகத்தை அடுத்த முறை வரையும்போது முதலிலிருந்து அளக்க வேண்டியிராது.